இடது கைப் பக்கம் வந்த மலை

போன வாரம் செங்கம் ரோட்டில் ஒரு கஃபேக்கு இஞ்சி டீ குடிக்கப் போனேன். சுவரில் இருந்த ஓவியத்துக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அந்த வாசனைக்குத் தலை தானாகத் திரும்பியது. ஈசான்ய மூலையிலிருந்து தெரியும் மலை. கீழே கொட்டை கொட்டையாக என் கையெழுத்து. அந்த வயதில் நான் படம் போடக் கற்றதைவிடக் கையெழுத்துப் போடத்தான் நன்றாகக் கற்றிருந்தேன்.

அது தனிப் படம் இல்லை, எட்டில் ஒன்று. சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, ஒரு சட்டத்துக்குள் ஒரு படம் என்பதே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. குடைக்குள் வரைந்து விரித்துத் தொங்கவிட்டேன். விடுதி அலமாரிக் கதவுகள் மூன்றில் ஒரே முகத்தைப் பிரித்து வரைந்து, வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “அடுத்து என்னடா, கக்கூஸ் கதவா?”

அக்கா எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஒரு பௌர்ணமி விடமாட்டாள், மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடப்பாள். அந்த வருட விடுமுறையில் அவளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கிரிவலப் பாதையில் போனேன். திசைக்குத் திசை மலை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மலையைத்தான் பார்த்தேன், ரோட்டைப் பார்க்கவில்லை. மணலில் வண்டி சறுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்கு இடுப்பெலும்பு. அதன்பின் வாக்கர்தான். ஹாலைத் தாண்டுவதே பெரும்பாடு.

அதனால்தான் எட்டுப் பலகைகளில் எட்டுத் திசை மலையை வரைந்தேன். வீட்டு ஹாலைக் காலி செய்து நான்கு சுவரிலும் வரிசையாக மாட்டினேன். ஒன்று ஜன்னலை அடைத்தது, இன்னொன்று பீரோவை மறைத்தது. “உனக்காகத்தான்க்கா, வீட்டுக்குள்ளயே கிரிவலம்” என்று சொல்லியிருந்தேன். அவள் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். கிழக்கில் ஆரம்பித்து இரண்டு பலகை தாண்டியதும் நின்றுவிட்டாள்.

“டேய், மலை இடது கைப் பக்கம் வருதேடா.”

மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். சுவரில் மாட்டினால் அது மாறிப்போகும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

“அப்போ திரும்பி அந்தப் பக்கமா சுத்து.”

“அப்படின்னா கிழக்குக்கு அப்புறம் ஈசான்யம் வருது. அது கடைசிடா.”

பலகைகளை வெளிப்பக்கம் பார்க்கவைத்து ஹால் நடுவில் வட்டமாக நிறுத்தியிருந்தால் போதும். ஒரு மத்தியான வேலை. அந்த நிமிடமே எனக்கு அது தெரிந்தது. ஆனால் மறுநாள் கல்லூரியிலிருந்து ஆசிரியர் பார்க்க வருகிறார். பார்ப்பவரை மலை சூழ்ந்து நிற்பதுதான் என் புதுமையே. சுள்ளென்று கோபம் வந்தது.

“இது கோயில் இல்லக்கா, ஆர்ட்டு. உனக்குப் புரியாது. நின்னு பாரு, போதும்.”

“நான் பாக்க வரல. சுத்த வந்தேன்” என்றாள். வாக்கரைத் திருப்பிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

ஆசிரியர் பிரமாதம் என்றார். அடுத்த லீவில் மாற்றி வைக்கலாம் என்றிருந்தேன். லீவு வந்தது, வேலை வந்தது. பலகைகள் லாட்ஜுக்கும் கஃபேக்களுக்குமாக ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் கொடுத்தேன். இப்படி ஒரு மடையன்.

கஃபேயில் இருந்தபடியே அக்காவுக்குப் போன் செய்தேன். “உன் மலை ஒண்ணு இங்க மாட்டியிருக்குக்கா. ஈசான்யம்.”

“அப்படியா? சந்தோஷம் தம்பி. சாப்ட்டியா?” என்றாள்.

வீட்டில் எல்லோரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், முன்பெல்லாம் அவளைத் தவிர. ஹாலில் அன்று வாக்கரைத் திருப்பிக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு ஒருநாள்கூட என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டதில்லை.