எண்ணாமல் அடித்த ஏழு

ஸ்னெஷானா ரிஸ்தெவ்ஸ்கியை நான் முதலில் பார்த்தபோது, அவள் ஒரு டிரம்மைத் தலைமேல் கவிழ்த்துப் பிடித்தபடி மழையில் ஓடிவந்துகொண்டிருந்தாள். போர்ட் கெம்பிளாவில், முன்பு கார் பட்டறையாக இருந்த ஒரு தகரக் கொட்டகையில்தான் 'பென்ட் காம்பஸ்' இசைக்குழுவினர் சனிக்கிழமை காலைகளில் ஒத்திகை பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒலியமைப்புச் செய்ய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

"நீதான் சவுண்டுக்கு வந்தவனா? பேரு?"

"செழியன்."

"அதெல்லாம் இங்க யாருக்கும் வாயில வராது. செஸ்ஸுன்னு வெச்சுக்கலாம். நான் ஸ்னெஸ். யாராவது கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்போம், நல்லா இருக்கும்."

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்றும் அப்படித்தான் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.

ஸ்னெஸ் இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறாள். கூரைக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இருபது டன் எடையுள்ள இரும்புச் சுருளைத் தூக்கிக்கொண்டு போய், கோழி முட்டையை வைப்பதுபோல அலுங்காமல் லாரியில் வைப்பாள். அந்தக் கைதான் சனிக்கிழமைகளில் டிரம்ஸ் வாசிக்கும். அவள் வாசிப்பைக் கேட்பதற்கென்றே சிட்னியிலிருந்து ரயில் பிடித்து வருகிறவர்கள் இருந்தார்கள்.

பென்ட் காம்பஸ் வாசித்தது புரோகிரசிவ் மெட்டல். இடிபோல விழும் கிட்டார், நடுநடுவே கணக்கு வாத்தியார் வந்து புகுந்துகொண்ட மாதிரி தாளம். உண்மையிலேயே கணக்கு வாத்தியார்தான் புகுந்திருந்தார். கிட்டார் வாசித்துப் பாட்டுகளை எழுதிய ஃபெர்கஸ், டாப்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். பாட்டைக் கட்டம் போட்ட தாளில்தான் எழுதுவான். ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அடியில் தொடங்கும், பதினேழுக்குத் தாவும், ஒன்பதில் மூச்சு வாங்கும். மூன்றாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. பாடகி பிரைடி அதில் மொத்தம் நான்கு நிமிடம்தான் பாடுவாள். மீதி நேரம் மேடையோரமாக உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிடுவாள். பேஸ் வாசிக்கும் வார்விக் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

கச்சேரிக்கு நூறு, நூற்றைம்பது பேர் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் கறுப்பு டீஷர்ட் போட்ட தாடிக்காரர்கள். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து எண்ணிக்கொண்டு நிற்பார்கள். ஆட மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் "அது பதினஞ்சுடா", "போடா, ஏழும் எட்டும்" என்று சண்டை நடக்கும். அவர்களில் மூத்தவன் நெவில். குழுவின் முத்திரையை முழங்கையில் பச்சை குத்திக்கொண்டவன்.

பிரைடிக்குக் குழந்தை பிறந்து மூன்று வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எங்கம்மா எல்லாக் கச்சேரிக்கும் வராங்க, தெரியுமா? வந்து கார்லயே உக்காந்துக்கறாங்க. என் பொண்ணு காதைப் பொத்திக்கறா. எனக்கு அவங்க ரெண்டு பேரும் பாடற மாதிரி ஒரு பாட்டு வேணும். ஒண்ணே ஒண்ணு."

எல்லோரும் ஃபெர்கஸைப் பார்த்தோம். அவன் கோபப்படுவான் என்று நினைத்தோம். அவனோ முகம் சிவந்து, கிட்டார் பையின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "நானே ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். ஆறு மாசமா. மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"பாப் மியூசிக்கா?" என்றான் வார்விக். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா, பாப்தான். நாலு நாலா."

பாட்டின் பெயர் 'ஜன்னலைத் திற'. பிரைடி பாடிய உடனே எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது காரில் நானே முணுமுணுத்தேன். ஆனால் ஒரே ஒரு சிக்கல். ஸ்னெஸ்ஸால் அதை வாசிக்க முடியவில்லை.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பதினேழைத் தூக்கத்தில் வாசிக்கிறவளுக்கு நாலு வரவில்லை. தப்பு ஒன்றும் இல்லை, எல்லா அடியும் இடத்தில்தான் விழுந்தது. ஆனால் பாட்டு நடக்கவில்லை. போட்டோவுக்கு நிற்கச் சொன்ன பிள்ளைபோல விறைத்துக்கொண்டு நின்றது. ஃபெர்கஸ் அவள் காதில் 'டக் டக்' என்று கேட்கும் கருவியை மாட்டிவிட்டான். இன்னும் மோசமானது. ஏழு சனிக்கிழமை போயிற்று.

எட்டாவது சனிக்கிழமை அவள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டு நல்ல பாட்டு. நான்தான் அதுக்குக் குறுக்க நிக்கறேன். வேற ஆளைப் பாருங்க. வேணும்னா நானே தேடித் தரேன்" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் பிரைடி.

"இல்ல பிரைடி. உங்கம்மா எத்தனை வருஷம் கார்லயே உக்காந்திருப்பாங்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எழுந்துபோய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். போகும்போது வாசலில் திரும்பி, "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க சித்தி பொண்ணு நிச்சயதார்த்தம். முன்னாடியே கூப்பிட்டிருந்தேன். அதுக்காவது வந்துருங்க. எங்கம்மா உங்க நாலு பேருக்கும் சேத்துத்தான் சமைக்கப் போறாங்க" என்றாள்.

எங்கள் நான்கு பேருக்கு என்று சொன்னதில் நாற்பது பேருக்கு இருந்தது. ஸ்னெஸ்ஸின் குடும்பம் மாசிடோனியாவிலிருந்து வந்து குடியேறியது; அவர்களுடைய தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். மதியச் சாப்பாடு. கீரை வைத்துச் சுட்ட பூரெக், வறுத்த மிளகாய், சட்டியில் அவித்த பெரிய மொச்சை. ஸ்னெஸ்ஸின் அம்மா ப்ளாகித்சா தட்டு காலியாகும்முன் அடுத்ததை வைத்துக்கொண்டே இருந்தார்.

"இவன் ஏன் இப்படி எலும்பா இருக்கான்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"அம்மா, அவன் சவுண்டுக்காரன்."

"சவுண்டுக்காரன் சாப்பிடக் கூடாதா?"

அப்போது கிளாரினெட்டும் அக்கார்டியனும் தொடங்கின. பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நடுவில் வந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. ஆட்கள் கைகோத்து நீண்ட வரிசையாகி, மண்டபத்தைச் சுற்றிவர ஆரம்பித்தார்கள். அந்த மேளத்தைக் கேட்டதும் என் விரல்கள் தானாக மேசையில் தட்டின. தகிட தக திமி, தகிட தக திமி. தஞ்சாவூரில் வளர்ந்தவனுக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுத்தமான மிஸ்ர சாபு தாளம்.

ஃபெர்கஸ் பூரெக்கை வாய்க்கு அருகில் பிடித்தபடி அப்படியே நின்றான். "செஸ், நான் எண்ணறது சரியா? ஏழா இது?"

"ஏழுதான்."

வரிசையில் இருநூறு பேர். தொப்பை வைத்த ஒரு மாமா கையில் தட்டோடு ஆடினார். ஆறு வயசுப் பெண் ஒருத்தி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ஆடினாள். ஒருவரும் எண்ணவில்லை. ஸ்னெஸ் வரிசையின் நடுவில் இரண்டு அத்தைகளுக்கு இடையே போய்க்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அவ்வளவு இளகி நான் பார்த்ததே இல்லை.

ஃபெர்கஸ் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "இது ஏழுன்னு ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"எது?"

"இப்ப ஆடினியே, அது!"

"இது ஏழு ஒண்ணும் இல்லடா. சாப்பாட்டுக்கு நடுவுல ஆடறது" என்றாள். சொல்லிவிட்டு மேளத்தைத் திரும்பிப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. முதல் தடவையாக அவள் அதை எண்ணுவதைப் பார்த்தேன்.

பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய மதிய உணவையும் அப்பாவின் அக்கார்டியனையும் பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த அக்கார்டியன் காதில் விழாத தூரத்துக்குப் போக வேண்டும் என்றுதான் பதிமூன்று வயதில் உள்ளதிலேயே பெரிய சத்தத்தைத் தேடிப் பிடித்தாளாம். "இங்க இது ஆட்டம். அங்க நம்ம கொட்டகையில அது வீட்டுப்பாடம். ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல, செஸ்."

பிரைடி இதையெல்லாம் கேட்கவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த மேளத்துக்கு மேலேயே 'ஜன்னலைத் திற'வை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாலில் இருந்த பாட்டு ஒரு மடிப்பு மடிந்து ஏழுக்குள் உட்கார்ந்தது. ஸ்னெஸ் மேசையிலிருந்து இரண்டு கரண்டியை எடுத்தாள். தட்டின் விளிம்பில், கண்ணாடி டம்ளரில், மேசைப் பலகையில் என்று தட்ட ஆரம்பித்தாள். பிரைடியின் குரல் நிமிர்ந்தது. பாட்டு நடந்தது. நடந்தது என்ன, துள்ளியது. பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் தோளைக் குலுக்க ஆரம்பித்தார்.

"வார்விக், நீ என்ன சொல்ற?" என்றான் ஃபெர்கஸ்.

"முட்டாள்களா, முன்னாடியே இங்க வந்திருக்கலாம்" என்றான் வார்விக்.

அந்தப் பாட்டை ஒரு மாதத்தில் பதிவு செய்தோம். சிக்கலான திருப்பம் எதுவும் இல்லை. மூன்று நிமிடம் ஐம்பது நொடி. உள்ளூர் வானொலி எடுத்துக்கொண்டது, பிறகு சிட்னியிலும் போட்டார்கள். ரொட்டிக்கடையில் கேட்டது. இரும்பாலையில் தேநீர் இடைவேளையில் யாரோ போட்டுவிட, கீழேயிருந்த ஆட்கள் கிரேன் கூண்டைப் பார்த்துத் தலைக்கவசத்தைத் தட்டினார்களாம்.

பாப் என்றதுமே தாடிக்காரர்கள் கொதித்தார்கள். "பென்ட் காம்பஸ் செத்துப் போச்சு" என்று இணையத்தில் நெவில் நீளமாக எழுதினான். பச்சையை அழிக்க எந்த டாக்டரிடம் போகலாம் என்றும் கேட்டிருந்தான். ஸ்னெஸ் அதை எனக்குப் படித்துக் காட்டி, "பாவம், பதினாலு வருஷமா வரான். வராம இருக்க மாட்டான், பாரு" என்றாள்.

வந்தான். நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வுல்லங்காங் கடற்கரையை ஒட்டிய புல்வெளியில் கச்சேரி. எண்ணூறு பேர் இருப்பார்கள். பிரைடியின் அம்மா முதல் வரிசையில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார். மண்டபத்து அத்தைகள் பதினைந்து பேர், ப்ளாகித்சா தலைமையில். நெவில் என்னுடைய சவுண்ட் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வேவு பாக்க வந்தேன்" என்றான்.

"தாராளமா பாரு."

பழைய பாட்டுகள் இரண்டை வாசித்தார்கள். பிறகு ஸ்னெஸ் குச்சியைத் தூக்கினாள். 'ஜன்னலைத் திற' தொடங்கியதுதான் தாமதம், அத்தைகள் கைகோத்து வரிசை கட்டிவிட்டார்கள். சர்ஃப் பலகையோடு வந்த பையன்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருந்தவர்கள் என்று வரிசை வளர்ந்துகொண்டே போய், வளைந்து எங்கள் மேசைப் பக்கம் வந்தது. ப்ளாகித்சா வலது கையை நீட்டி நெவிலைப் பிடித்தார்.

"நான் ஆட மாட்டேன்ம்மா."

"ஆட யார் சொன்னா? நட."

"எனக்கு வராது!"

"உனக்குக் கால் ரெண்டும் இருக்குல்ல? வா!"

இழுத்துக்கொண்டு போய்விட்டார். தாடி முழுக்க வியர்வையாக நெவில் ஒரு சுற்றுப் போனான். முதலில் கால் பின்னியது. பழக்கதோஷத்தில் உதடு எண்ண ஆரம்பித்தது. எண்ணிக்கொண்டே போனவன் திடீரென்று கண்ணை அகல விரித்தான். என் மேசையைக் கடக்கும்போது தொண்டை கிழியக் கத்தினான்:

"செஸ்! இது ஏழு! ஏழுடா! எங்களை ஏமாத்திட்டாங்க, இது ஏழு!"

"பேசாம நட" என்றார் ப்ளாகித்சா.

மேடையில் ஸ்னெஸ் அதைக் கேட்டுவிட்டாள். சிரித்த சிரிப்பில் ஒரு குச்சி கையை விட்டுப் பறந்து புல்லில் விழுந்தது. இன்னொரு குச்சியாலும் வெறும் உள்ளங்கையாலும் மிச்சப் பாட்டை வாசித்து முடித்தாள். பாட்டு ஒரு இம்மிகூடத் தடுமாறவில்லை. அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. எங்கே கை, எங்கே குச்சி என்று எனக்கே கண்டுபிடிக்க முடியாது.

உலகப் புகழ் எதுவும் வந்துவிடவில்லை. இரண்டாவது, மூன்றாவது பாட்டு வந்தது. ஒன்று பதினொன்றில், இன்னொன்று ஒன்பதில். எல்லாவற்றையும் குழந்தைகள் பாடுகிறார்கள். தாடிக்காரர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் மனைவிமார்களோடு வருகிறார்கள். ஸ்னெஸ் ஆலை வேலையை விடவில்லை. கேட்டால், "அவ்வளவு உயரத்துல தனியா உக்கார வேற எங்க விடுவாங்க?" என்பாள். வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில், இங்கே குளிர்காலத்தில், தெற்குக் கரையோரமாக மூன்று வாரம் ஊர் ஊராகப் போனோம். நரூமாவில் கச்சேரி முடிந்த மறுநாள் காலை, வண்டியைக் கடலோரம் நிறுத்தினோம். உடம்பைக் கிழிக்கும் குளிர். ஸ்னெஸ் காலணியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, போட்டிருந்த கறுப்பு டீஷர்ட்டோடு ஓடிப்போய் அலையில் விழுந்தாள். வார்விக்கும் பின்னாலேயே போனான். பிரைடி கரையில் நின்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் மனுசங்களே இல்ல!" என்று கத்தினாள்.

"செஸ், வாடா!" என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது. "சூடா இருக்கு!"

பொய் என்று தெரியும். ஆனாலும் போனேன்.