நரி வேலியும் மிர்ட்டலின் நட்சத்திரமும்

காரூ வறண்டவெளியில் பிறந்தவர்களுக்கு ஆடு தெரியும், நரி தெரியும். வானத்துக்குக் காது கொடுக்கிற வேலை அந்த ஊரில் மிர்ட்டல் பியூக்ஸுக்குத்தான் முதலில் வாய்த்தது. வானொலித் தொலைநோக்கியில் ஆய்வு மாணவி. விண்ணிலிருந்து வரும் அலைகளைப் பிடிக்கிற அந்த ராட்சதத் தட்டுகளுக்குச் சின்ன மின்பொறி பறந்தாலும் இரைச்சல்; அதனால் சுற்றுவட்டாரத்தில் கைபேசிக்கே தடை.

மாணவர்களுக்கு இரவு நேரம்தான் தருவார்கள். அதில் அவளுக்குச் சீரான தாளத்தில் ஒரு துடிப்பு சிக்கியது. புது நட்சத்திரம் என்று பேராசிரியர் துள்ளினார். தேவாலயத்தில் பாதிரியார் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஊரே கூடி கிரீடம் வைத்துவிட்டது, இனி கழற்ற முடியுமா?

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தாள். அப்பா ஃப்ரிக்கி கரியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"நரித்தொல்லை ஒழிஞ்சுதுடி மகளே! போன மாசமே பட்டிக்கு மின்வேலி போட்டுட்டேன். சத்தத்தக் கேளு."

டக்... டக்... டக்.

மிர்ட்டல் ரொட்டியைக் கீழே வைத்தாள். அந்தத் தாளம் அவளுக்கு மனப்பாடம்.

"யாரையாவது கேட்டீங்களாப்பா? இங்க மின்வேலி கூடாதே!"

"நரி மட்டும் கேட்டுட்டா வருது?"

வெளியே சொன்னால் வேலியைப் பிடுங்கிவிடுவார்கள், அப்பாவின் ஆடுகள் போகும். சொல்லாவிட்டால் அவள் ஆய்வே பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. ஒருவேளை வேலி வேறு, நட்சத்திரம் வேறாக இருந்துவிட்டால்? அந்த நப்பாசையும் விடவில்லை.

"திங்கக்கிழமை ராத்திரி மட்டும் அத அணைச்சு வைங்கப்பா. எனக்காக."

"நட்சத்திரம் பாக்கவா? அதுக்கென்ன, அணைச்சுட்டாப் போச்சு."

திங்கள் இரவு தொலைநோக்கித் திரையின் முன் உட்கார்ந்து, வந்துவிடு வந்துவிடு என்று கெஞ்சினாள். பாழாய்ப்போன துடிப்பு வரவே இல்லை.

காலையில் வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஃப்ரிக்கி பட்டியோரம் குந்தியிருந்தார். குடல் கிழிந்த இரண்டு பெட்டை ஆடுகளைச் சாக்கால் மூடியிருந்தார்.

"நட்சத்திரம் நல்லாத் தெரிஞ்சுதா?"

"நட்சத்திரமே இல்லப்பா. இத்தன நாளா நான் கேட்டது நம்ம வேலியத்தான்."

அவர் யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது, பாவி மனுஷனுக்கு.

"அப்ப வேலியப் போட்டா உன் நட்சத்திரம் திரும்பி வந்துரும்ல? ஆடும் பிழைக்கும். வெளிய யாருக்குத் தெரியப்போவுது?"

"வரும்ப்பா," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலியின் பேட்டரியைக் கழற்றித் தூக்கி வண்டியில் வைத்தாள்.

அவர் தடுக்கவில்லை. மிச்ச ஆடுகளை இன்றிரவு எங்கே அடைப்பது என்று மட்டும் கேட்டார்.