இரண்டு சங்குகளுக்கு நடுவே

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது சங்கு இரண்டு முறை ஊதும். முதல் சங்குக்கு அடுத்த ஷிப்ட் ஆள் மிஷின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இரண்டாவது சங்குக்குப் பழைய ஆள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நடுவில் உள்ள பத்து நிமிடம் பொறுப்பை ஒப்படைக்க. ஒரே பிரஸ் மிஷினில் அக்கா காலை ஷிப்ட், நான் மதிய ஷிப்ட். கூடப்பிறந்தவள் இல்லை, கம்பெனியில் எல்லோருக்குமே அவள் அக்கா, எனக்குக் கொஞ்சம் கூடுதலாக. தகட்டை வெட்டும் அச்சைக் காட்டி, "டை மாத்திக்கீறேன், மொத பீஸ அளந்து பாத்துக்க" என்பாள். அதே மூச்சில், சங்கின் ஓசை அடங்குவதற்குள் அதிலிருந்தே சுருதி பிடித்து, அன்று வேலைக்கு நடுவே தோன்றிய மெட்டை முணுமுணுப்பாள். "கம்பெனிக்காரன் நமக்கு ஓசில சுதிப்பெட்டி வச்சிக் குடுத்துக்கீறான்டி" என்று சிரிப்பாள்.

மெட்டு அவளுடையது, வார்த்தை என்னுடையது. ஷிப்ட் முழுக்க மிஷின் அடிக்கிற தாளத்தில் வார்த்தைகளைக் கோத்து, மறுநாள் அதே பத்து நிமிடத்தில் பாடிக் காட்டுவேன். பிடித்தால் தலையை ஆட்டுவாள். பிடிக்காவிட்டால், "இன்னாடி இது, ரேசன் கட போர்டு மாரி கீது" என்பாள். 'தண்ணிலாரி போன தெருவுல தாமரையைத் தேடுறேன்' என்று நான் எழுதியதற்கு மட்டும் அவள் தலையை ஆட்டவும் இல்லை, கிண்டல் செய்யவும் இல்லை. இன்னொரு தடவை பாடச் சொன்னாள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

சென்னீர்குப்பத்தில் கல்யாணக் கச்சேரிகள் நடத்தும் ஒருவர் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எங்கள் பாட்டுகளை வரிசையாகப் பாடினோம். கண்ணை மூடிக் கேட்டவர், "எல்லாம் நல்லாதான் கீது. சரணம் எங்கம்மா?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பாட்டுக்கும் சரணம் இல்லை. பத்து நிமிடத்தில் பல்லவிதான் பிறக்கும், அதற்குள் சங்கு ஊதிவிடும், மறுநாள் அவளுக்கு வேறு மெட்டு வந்துவிடும். வாசற்படியாகக் கட்டித் தள்ளிவிட்டு வீடு கட்டியதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். "ஒரு குறும்படத்துக்குப் பாட்டு கேட்டுக்கினு கீறாங்க. ஒண்ணே ஒண்ணு, முழுசா கொண்டாங்க, போட்டுடலாம்" என்றார் அவர்.

வீட்டில் உட்கார்ந்து முடித்திருக்கலாமே என்று இன்று யாரும் கேட்கலாம். சேக்காட்டு வீட்டில் அக்காவின் புருஷன் நல்ல மனுஷன்தான். "நீ பாடு, நான் வாணான்னு சொல்லல. சோத்த ஆக்கி வச்சிட்டுப் பாடு" என்பார். சோறு ஆக்கி, மாமியாருக்குச் சர்க்கரை ஊசி போட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து முடிக்கும்போது அவளுக்குக் கண் சொருகும். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவோ, மாப்பிள்ளை வீட்டாரிடம் பாட்டு எழுதுகிற பெண் என்று வாய் தவறியும் சொல்லாதே என்றாள். எங்கள் இருவருக்கும் வாய்த்த ஒரே இடம் அந்த மிஷின்தான். "ரெண்டு பேரும் ஒரே ஷிப்டா இருந்தா முடிச்சிடலாம்டி" என்றாள் அக்கா.

மேனேஜரிடம் போய்க் கேட்டாள். சூப்பர்வைசராக வருவதானால் என் ஷிப்டிலேயே போடுவதாக அவர் சொன்னார். கரும்பு தின்னக் கூலியா என்று இருவரும் டீக்கடையில் பஜ்ஜி தின்று கொண்டாடினோம். ஆனால் சூப்பர்வைசர் ஒரே மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க முடியாது. சாப்பாட்டு மேஜையும் அவர்களுக்குத் தனி. வேலை முடிந்ததும் அவள் ரிப்போர்ட் எழுத உட்காருவாள். நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன். ஒருநாள் என் மிஷினில் பீஸ்கள் வரிசையாக ரிஜெக்ட் ஆயின. மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, எல்லோர் முன்னாலும் அக்கா கத்தினாள்: "பாட்டு யோசிச்சிக்கினு கீறியா? பீஸ பாருடி!" வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் உண்மையில் அந்தச் சரணத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் கத்தாவிட்டால் அவள் வேலைக்கே ஆபத்து என்று எனக்கும் தெரியும். யார் மேல் கோபப்படுவது? தினமும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்தப் பத்து நிமிடம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. குறும்படத்துக்கு வேறு யாரோ பாட்டுப் போட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேறு இடத்தில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டேன்.

போன மாதம் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. "எப்டி கீற? பசங்க படிக்கிறாங்களா?" என்றாள். சர்க்கரை, ஸ்கூல் பீஸ், ஆவடியில் வீட்டு வாடகை என்று பேசிக்கொண்டிருக்கும்போது கம்பெனியில் முதல் சங்கு ஊதியது. பழக்கதோஷம், இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். சங்கோடு சேர்ந்து அவள் தொண்டைக்குள் ஏதோ லேசாக இழைந்தது. மெட்டு வரும் என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவளோ, வார்த்தை வரும் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வரி இல்லை. பிறகு இருவரும் ரோட்டில் ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது சங்கும் ஊதியது.

"ஆட்டோ வந்துச்சிடி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.