டிக்கியில் போன மீனாஸ்

செவஸ்தியிடம் ஐந்து கார்கள். ஐந்தும் வெள்ளை, ஐந்தும் ஒரே அச்சு, உள்ளே உட்கார்ந்தால் இரண்டு முழங்கையும் இரண்டு கதவிலும் இடிக்கிற அளவு சின்னவை. கிரேக்கத்துப் பெர்தீகா தீவில் அதைவிட அகலமான வண்டி வாங்கியவர்கள் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரோடு சம்பந்தம் வைத்துக்கொண்டார்கள். நான்கை வாடகைக்கு விடுவாள், ஐந்தாவது அவளுடையது. எது எந்தக் கார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றில் ஜன்னல் ஏறாது. ஒன்றில் நாலாவது கியர் நல்ல மனநிலையில் இருந்தால்தான் விழும். ஒன்று இடப்பக்கம் திரும்பினால் தானாக ஹாரன் அடிக்கும். ஒன்றில் ஒரு குறையும் கிடையாது, அதனாலேயே அவள் அதை நம்புவதில்லை.

சாவிகள் எப்போதும் வண்டியிலேயே தொங்கும். திருடுகிறவன் எங்கே போவான்? இருப்பது ஒரே சாலை, முடிவில் கடல்.

தொழிலை ஆரம்பித்தவன் அவள் கணவன் மீனாஸ். ஆரம்பித்ததோடு சரி. துறைமுகத்துக் காப்பிக்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்தான். கிளட்ச் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தீவில் டாக்டரே கிடையாது. ஆகவே செவஸ்தி நாற்பத்திரண்டாவது வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் வாரத்தில் மூன்று ஆடு, ஒரு தபால்பெட்டி, பாதிரியார் நிகீத்தாஸின் மிதிவண்டி.

மீனாஸ் அவளுக்குக் கொடுத்த ஒரே வாக்கு, வடமுனைக்குக் கூட்டிப்போவது. அங்கே பாறைக்கு அடியில் கடல் மயில்கழுத்து நிறத்தில் கிடக்கும். பதினெட்டே கிலோமீட்டர். "நாளைக்குப் போலாம்" என்று முப்பத்தொரு வருஷம் சொன்னான், பிறகு செத்துப்போனான். அவன் கூட்டிப்போகாமல் தானாகப் போவதில்லை என்று அவளுக்கும் வீம்பு.

அந்தத் தீவில் மண் குறைவு. கல்லறைக் குழிகூட வாடகைக்குத்தான், ஐந்து வருஷம். கெடு முடிந்ததும் தோண்டி, எலும்பைச் சிவப்பு ஒயினில் கழுவி, பெட்டியில் போட்டு, குடும்பக் கோயிலில் அடுக்கிவிடுவார்கள். மீனாஸின் கெடு பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமையோடு முடிந்தது. மாலை ஐந்து மணிக்கு மேலூர்க் கோயிலில் பூசை. பெட்டியைக் கொண்டுவர வேண்டியது செவஸ்தியின் பொறுப்பு.

காலையில் கல்லறையிலேயே அவள் நாத்தனார் எவ்தோக்கியா ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, பெட்டியையாவது பத்திரமா கொண்டுவாங்க. ஆளைத்தான் சரியா பாத்துக்கல."

"ஆளு நூத்திப் பத்து கிலோ இருந்தான்டி. இதுக்கு மேல எப்படிப் பாத்துக்கறது?"

"அஞ்சு மணிக்கு அண்ணன் அங்க இல்லேன்னா, இந்தத் தீவுல நீங்க தலை காட்ட முடியாது. சொல்லிட்டேன்."

பெட்டி எவ்தோக்கியா சொல்லிச் செய்தது: ஒலிவ மரம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, மேலே மீனாஸின் பெயர். செவஸ்தி அதைத் தன் காரின் டிக்கியில் வைத்து, துறைமுகத்தில் மற்ற நான்கோடு வரிசையில் நிறுத்திவிட்டு, காப்பிக்கடைக்குப் போனாள். கப்பலில் ஒரு வாடிக்கையாளர் வரவேண்டும்.

வந்தவள் ஹெர்மினே, ஹாலந்துக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. நின்றால் கப்பல் கொடிமரம். மூன்று குளிர்காலம் புத்தகத்தை வைத்துக் கிரேக்கம் படித்தவள், அதனால் அவள் பேச்சில் வேதாகமத்து வாசனை அடித்தது.

"அம்மையீர், சிற்றூர்தி ஒன்றை யான் தெரிவு செய்ய வேண்டும்."

"அங்க வரிசையா நிக்குது. எது வேணுமோ எடுத்துக்கோம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

ஹெர்மினே ஒவ்வொரு வண்டியையும் சுற்றிவந்து கீறல்களைப் படமெடுத்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. செவஸ்தி கடையிலிருந்தே கத்தினாள்: "கீறல் இல்லாத இடத்தை எடும்மா! ஒரே படத்துல முடிஞ்சிடும்!" சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தவள், காப்பியில் தண்ணீர் கலந்ததற்காகக் கடைக்காரன் ஸ்தமாத்திஸோடு சண்டையில் மும்முரமானாள். மூன்று மணி நேரச் சண்டை முடிந்து வெளியே வந்தால், துறைமுகப் பெஞ்சில் அவளுடைய இரண்டு தலையணைகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டவேண்டிய கார் ஒன்றே ஒன்றுதான், அவளுடைய சொந்தக் கார். ஆறடி மீனாஸ் மத்தியானத் தூக்கத்துக்காக அதன் முன்சீட்டைப் பின்னால் தள்ளித் தள்ளி, ஒருநாள் அது பின்சீட்டோடு ஐக்கியமாகி அங்கேயே இறுகிப்போனது. தீவிலேயே ஹெர்மினேயின் கால் நீளுவதற்கு இருந்த ஒரே இடம் அது.

செவஸ்தி ஹெர்மினேயின் நம்பருக்குப் போன் போட்டாள். ஹாலந்து பாஷையில் ஒரு இயந்திரம் மரியாதையாக ஏதோ சொல்லி அணைந்தது. வெளியே மூச்சுவிடவும் முடியாது. விட்டால் பத்தே நிமிஷத்தில் எவ்தோக்கியா காதுக்குப் போய்விடும்.

"என்ன ஆச்சு செவஸ்தி?" என்றான் ஸ்தமாத்திஸ்.

"என் காரை எடுத்துட்டுப் போயிட்டா."

"ராத்திரி கொண்டு வருவா. டிக்கில ஏதும் வெச்சிருந்தியா?"

"தர்பூசணி."

"ஒரு தர்பூசணிக்கா இப்படி வேர்க்குது?"

கைக்குக் கிடைத்த வண்டியில் ஏறினாள். ஹாரன் கார். மலைச்சாலையில் நாற்பத்தேழு இடப்பக்க வளைவு. ஒவ்வொன்றிலும் அது ஒப்பாரி வைத்தது. முப்பதாவது வளைவில் ஆடுகளெல்லாம் வரிசை கட்டி ஒதுங்கி நின்றதாகத் தீவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தேன் விற்கிறவனிடம் கேட்டாள்.

"உன் வண்டியா? ஒரு நெட்டைப் பொம்பளை வந்தா. ஒரு மணி நேரம் உக்காந்து தேன் தின்னுட்டு, கீழ மணல் கடற்கரைக்குப் போனா."

மணல் கடற்கரையில் கேட்டால், குளித்துவிட்டு, பொரித்த கணவாய் தின்றுவிட்டு, வடமுனைக்குப் போய்விட்டாளாம்.

செவஸ்திக்குப் பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "எனக்கு நாளைக்கு, ஹாலந்துக்காரிக்கு இன்னைக்கா?" என்று ஸ்டியரிங்கைக் குத்தினாள். அதற்கும் ஹாரன் அடித்தது.

மணி நாலு. வடமுனையில் சாலை கடலைப் பார்த்துச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் அவளுடைய கார் நின்றது. பக்கத்தில் பாறைமேல் ஹெர்மினே பீச் பழம் தின்றுகொண்டிருந்தாள். முன்சக்கரத்துக்கு அடியில், மூலைக்கு மூலை இரும்புப் பட்டையோடு, மீனாஸ்.

"அடப்பாவி மனுஷா!"

ஹெர்மினே எழுந்து நின்றாள். "அஞ்சற்க அம்மையீர். இவ்வூர்தி சரிவில் நில்லாது உருள்கிறது. ஆகவே கருவிப் பெட்டியை முட்டுக் கொடுத்தேன். மிக உறுதியான பெட்டி."

"அது கருவிப் பெட்டி இல்லம்மா. அதுல இருக்கறது என் வீட்டுக்காரர்."

ஹெர்மினே பெட்டியைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். பழம் கையிலிருந்து விழுந்தது.

"எப்பகுதி?"

"எல்லாப் பகுதியும்தான்!"

ஹெர்மினே முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. செவஸ்தி குனிந்து பார்த்தாள். முழு வண்டியும் அந்தப் பெட்டிமேல் சாய்ந்து நின்றது. ஒரு மூட்டை மாவைக்கூட உள்ளே எடுத்து வைக்காத மனுஷன்! அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வழிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிரே கடல், சொன்ன நிறத்திலேயே இருந்தது.

"அழறேனா சிரிக்கறேனான்னு பாக்காதே. பிரேக்கை மிதி, எனக்குக் கால் எட்டாது. நான் இவரை இழுக்கறேன்."

காப்பிக்கடையிலிருந்து இழுத்த நாட்களைவிட லேசாகவே வந்தான்.

மணி நாலே கால். ஹாரன் காரை அங்கேயே விட்டுவிட்டு, ஹெர்மினே ஓட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செவஸ்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். நேரம் இருந்திருக்கும், ஹெர்மினே சாலைப் பலகைகளைப் படிக்காதிருந்தால்.

"முப்பதுக்கு மிகாது செல்க என்று எழுதியுள்ளது."

"அது ஆட்டுக்கு எழுதினதும்மா! மிதி!"

கோயில் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். ஊரே நின்றது. பாதிரியார் நிகீத்தாஸ் தூபக்கலசத்தோடு நின்றார். அவருக்கு முன்னால், இடுப்பில் கைவைத்து, எவ்தோக்கியா.

"எங்க போனான் என் அண்ணன்? பெட்டியில என்ன டயர் தடம்?"

பொய் சொல்லலாம் என்றுதான் செவஸ்தி வாயைத் திறந்தாள். வந்தது உண்மை. "தேன் கடைக்குப் போனான். மணல் கடற்கரைக்குப் போனான். வடமுனைக்குப் போய் இந்தம்மா வண்டிக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு நின்னான். போதுமா? இனிமே தலை காட்ட விடமாட்டேன்னா விடாதே."

 எவ்தோக்கியா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"வடமுனைக்கா?"

"ஆமா."

"எனக்குப் பத்து வயசுலேருந்து சொல்லிட்டிருந்தானே, நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு!"

"உன்கிட்டயுமா?"

"ஊர் பேர் தெரியாத பொம்பளையோட போயிட்டு வந்திருக்கானா!" எவ்தோக்கியா பெட்டியைப் பார்த்துக் குனிந்து கத்தினாள். "சோம்பேறி! புளுகுணி! அம்மா செத்தப்பவும் நாற்காலியை விட்டு எந்திரிக்கலையேடா நீ!"

"என் தங்கச்சி கல்யாணத்துக்கும்தான்," என்றாள் செவஸ்தி. "செருப்பு கடிக்குதுன்னான்."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னான் அண்ணி, வேற கல்யாணத்துக்கு!"

இரண்டு பேரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, முறை வைத்துத் திட்ட ஆரம்பித்தார்கள். பாதிரியார் இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார். பிறகு தூபக்கலசத்தைக் கீழே வைத்துவிட்டு, கரி அணையாமல் இருக்க ஹெர்மினேயை ஊதச் சொன்னார்.