சங்கத்துக் கதிரைகளின் ஒரு நிமிடம்

எங்கள் ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துக்கு நான் செயலாளர். ஓர்ஸ் ஹில்லிலிருந்து உள்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை அது. யார் எந்தத் தேதியில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குக் காலமானார் என்று எழுதி வைப்பது எனக்கு முன்பிருந்த செயலாளர்கள் செய்யாத வேலை. நானாகப் பழகிக்கொண்டேன். திவசத்துக்குத் திதி பார்க்க வருபவர்களுக்கு உதவுகிறது. எங்கள் பொருளாளர் மட்டும் என்னைக் கண்டால், "என்ன சரித்திராசிரியரே, இந்த மாசம் ஒருத்தரும் அகப்படேல்லையோ?" என்பார்.

சங்கத்தின் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் எங்கள் வீட்டுக் கராஜில்தான் அடுக்கியிருக்கும். முதுகில் கறுப்பு மையால் சங்கத்தின் முதலெழுத்துகள். என் மகள் அவற்றில் ஏறி விளையாடியவள், அவற்றில் இருந்து வீட்டுப்பாடம் எழுதியவள். ஒழுங்கையில் மற்ற எல்லோருக்கும் அவை செத்தவீட்டுக் கதிரைகள். நான் செயலாளராக இருந்தும் இதை அவளுக்குச் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் நகரத்தில் ஊடகக் கற்கை ஒன்றில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தவணைக்கு இரண்டு ஒப்படைகள். முதலாவது, வீட்டுப் பாவனைப் பொருட்களின் புகைப்படங்கள். பல் துலக்கும் பிரஷ், தேங்காய்த் துருவலை, என் குடை, குசினி யன்னலில் காயப்போட்ட தேத்தண்ணி வடி என்று இரண்டு கிழமை எடுத்தாள். படங்கள் அழகாக இருந்தன. விரிவுரையாளர் அவளைச் சித்தியடைய விடவில்லை. "எல்லாம் ஒருவரும் தொட்டிராத பொருட்கள் போல இருக்கின்றன" என்று ஒரே வரி எழுதியிருந்தார். இரண்டாவதிலும் விழுந்தால் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். திரும்பப் படிக்க மாட்டேன், படிப்பையே விட்டுவிடுவேன் என்று மகள் தாயிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. மனைவி சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது ஒரு நிமிடக் காணொளி. பாவனைப் பொருள் ஒன்றுதான் முக்கிய பாத்திரம். கமெராவை அசைக்கக்கூடாது, இடையில் வெட்டக்கூடாது, இசை சேர்க்கக்கூடாது. அந்த இடத்தின் சத்தம் அப்படியே இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை கையளிக்க வேண்டும்.

சனிக்கிழமை மனைவி கட்டைபறிச்சானில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மதியத்துக்குப் பிறகு உப்புவெளிக்குப் போனேன். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் மகளும் என் அப்பாவும். அப்பா ஆஸ்பத்திரியால் வந்து பத்து நாள் ஆகவில்லை. மருந்து குடித்துவிட்டுப் பின்னறையில் நல்ல நித்திரை.

மகள் கதிரைகளை வெளியே எடுத்து, கேற்றுக்கு முன்னால் ஒழுங்கையோரம் வரிசை வரிசையாக வைத்திருக்கிறாள். பொழுதுபட நிழல் நீண்டு ஒரு கதிரையிலிருந்து அடுத்த கதிரைக்குப் போவதைப் பிடிப்பது அவளுடைய எண்ணம். வெளிச்சம் காணாது என்று வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை வேலியில் கட்டியிருக்கிறாள். எதிர்வீட்டு மதிலடியில் கைப்பேசியை நிறுத்தி, அழைப்பு வந்து குழப்பாதபடி இணைப்பைத் துண்டித்து, ஓட விட்டாள். நிழல் நகர நேரமெடுக்கும், நல்ல ஒரு நிமிடத்தைப் பிறகு தெரிந்தெடுக்கலாம் என்று, என் அப்பாவுக்குப் பாண் வாங்கச் சந்திக் கடைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

சங்கத்துக் கதிரை, வெள்ளைத் துணி, ஆஸ்பத்திரியால் வந்த கிழவர். எங்கள் ஒழுங்கைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. செத்தவீட்டு வாசலில் நின்று யார், எப்போது என்று கேட்பதும் எங்கள் வழக்கமில்லை. பேசாமல் வந்து இருப்பதுதான் மரியாதை. முதலில் கண்டவர் அடுத்த வீட்டுக்குச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து இருந்தார். பொருளாளரும் வந்துவிட்டார். அவர்தான் எனக்குக் கைப்பேசியில் எடுத்தார்.

நான் உப்புவெளியில் பஸ் ஏறி இருந்த நேரம். "அண்ணை, ஐயா எப்ப மோசம் போனவர்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். அவருடைய குரலில் நக்கல் இல்லை. அதனால்தான் நம்பினேன். வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மகளுக்கு எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. அவள் தனியே நிற்கிறாள் என்பதைவிட வேறொன்று மனதில் ஓடியதை இன்றும் நினைக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் நேரம் குறித்தவன், அப்பா எத்தனை மணிக்குப் போனார் என்று யாரிடம் கேட்பேன்?

அவள் பாணோடு ஏறி வந்தபோது கதிரைகளில் ஆட்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் விதவை அம்மா, போன வருடம் கணவரை இழந்தவர், இவளைக் கண்டதும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார். மகளும் நம்பிவிட்டாள். தான் கடைக்குப் போன இடைவெளியில் அப்பப்பா போய்விட்டார் என்று, பாணை ஒழுங்கையிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறாள். பின்னறையில் அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். செத்தவீட்டில் முன்வரிசையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், அதனால் அது காலியாக இருந்திருக்கிறது. சத்தம் கேட்டு எழும்பி வந்தவர், "ஆர் செத்தது?" என்று கேட்டாராம். பொருளாளர்தான், "ஒருத்தருமில்லை ஐயா, சும்மா பாத்திட்டுப் போவமெண்டு வந்தனாங்கள்" என்றிருக்கிறார். "அப்ப இருங்கோ, பிள்ளை தேத்தண்ணி ஊத்துவாள்" என்றார் அப்பா. எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள். இப்படிப் பொய்ச்செய்தி வந்தால் ஆயுள் கூடும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். பொருளாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் செத்தவீடு இல்லாமல் ஒரு கதிரைகூடக் கேற்றைத் தாண்டக்கூடாது என்று சங்கத்தின் சார்பில் கட்டளையிட்டார். பிறகு, "ஆனாலும் ஆக்கள் கனக்க வந்தவை. ஐயாவுக்குச் செல்வாக்கிருக்கு" என்று தோளில் தட்டினார்.

எல்லோரும் போன பிறகுதான் மதிலடியில் இருந்த கைப்பேசி மகளுக்கு நினைவு வந்தது. அது ஓடிக்கொண்டே இருந்தது.

குசினி மேசையில் வைத்துப் பார்த்தோம். தொடக்கத்தில் வெறும் கதிரைகள். எங்கள் ஊர்த் தெருக்களில் அலையும் மான்களில் ஒன்று வந்து ஒரு கதிரையை முகர்ந்துவிட்டுப் போகிறது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருவர் வருகிறார், கதிரையை உள்ளங்கையால் துடைக்கிறார், இருக்கிறார். அடுத்தவர் ஓரிடம் விட்டு இருக்கிறார். ஒருவர் தன் கதிரையைத் தூக்கிச் சத்தமில்லாமல் வைக்கிறார். கமெரா தாழ்வாக இருந்ததால் முகங்கள் விழவில்லை. கைகள், முழங்கால்கள், கழற்றி வைத்த செருப்புகள். முதல் ஒப்படையில் இல்லை என்று விரிவுரையாளர் சொன்னது இதில் இருந்தது. அனுப்பவென்று மகள் தெரிந்தெடுத்தது ஆட்கள் அடுத்தடுத்து வந்து இருக்கும் ஒரு நிமிடம்; அதன் பின்பாதி முழுக்க விதவை அம்மாவின் குரல். அவர் அழுதது என் அப்பாவை விளித்து. அங்கே போனால் தன் கணவரிடம் சொல்லும்படி ஒரு சேதி. என்ன சேதி என்பது இங்கே எழுதுவதற்கல்ல.

முகம் தெரியவில்லையே, யாருடைய குரல் என்று நகரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். எனக்கு அவள் தேற வேண்டும். மகள் கேட்டுவிட்டு வருகிறேன் என்று, ஞாயிறு காலை அந்தக் கதிரைகளில் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்கள். படத்தில் தன் வழுக்கை விழுந்ததா என்று மட்டும் பொருளாளர் கேட்டிருக்கிறார். விதவை அம்மா காணொளியைக் கடைசிவரை பார்த்தாராம். பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"படம் கிடக்கட்டும் பிள்ளை. சத்தத்தை எடுத்துவிடு. அது அந்தாளுக்குச் சொன்னது."

மறுபடி எடுக்க வழியில்லை, கதிரைகளுக்குத் தடை. அழுகை தொடங்க முந்தி ஆட்கள் நெடுநேரம் விட்டு ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள்; அதில் எந்த ஒரு நிமிடத்தை அனுப்பினாலும் முதல் ஒப்படையைத் திரும்பக் கொடுத்தது போலத்தான். அன்று பின்னேரம் முழுக்க அவள் கைப்பேசியோடு இருந்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை அவள் கையளித்ததில் செருப்புக் கழற்றும் சத்தம் இருந்தது, கதிரைக் கால் மண்ணில் உரசும் சத்தம் இருந்தது. பிறகு நடுவில் சத்தம் நின்றுவிடும். ஆட்கள் ஓசையில்லாமல் வந்து இருந்துகொண்டே இருப்பார்கள்.

பெறுபேறு ஆவணி மாதம் வந்தது. சித்தி, ஆனால் விளிம்பில். குறிப்பில், பொருளைப் பார்த்த விதம் மிக நன்று என்றும், பின்பாதியில் ஒலிப்பதிவுப் பிழை, அதற்காகப் புள்ளி குறைக்கப்பட்டது என்றும் இருந்தது. விளக்கம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் எழுதித் தரலாம். புள்ளி கூடலாம்.

எழுத்து வேலை என்றால் எனக்குக் கை பரபரக்கும். நடந்ததைத் தேதிவாரியாக, குரலுக்குரியவர் யார் என்று காட்டாமல், பண்பாக எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள் அப்பா. ஆனா இதைப் படிச்சால் அவர் என்ன சத்தம் எண்டு கேப்பார்."

"சொல்ல ஏலாது எண்டு சொல்லு."

"அப்பிடிச் சொன்னால், அங்க ஏதோ இருந்ததெண்டு தெரிஞ்சிடும். பிழை எண்டே இருக்கட்டும்."

தாளை நாலாக மடித்து என்னிடமே தந்துவிட்டு, அடுத்த தவணைக்கு என்னென்ன ஒப்படை என்று பார்க்கப் போனாள்.