போட்டால் அழியாது

அக்கா எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் செய்வாள். "உப்பு போடவா? போட்டுடவா?" என்று அடுப்படியிலிருந்து அவள் குரல் வருவதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். நாங்கள் இருவரும் வேலை பார்த்த மீன் கூடத்தில் அவளுக்கு 'ரெண்டு தரம்' என்றே பட்டப்பெயர்.

அந்தக் கூடத்து முதலாளிக்குச் சொந்தப் படகு உண்டு. தடை செய்யப்பட்ட சின்னக் கண்ணி வலையால் குஞ்சு மீன்களை வாரி வந்து, கணக்கில் மட்டும் வேறொரு படகின் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுவார். ஒரு முறை அப்படி எழுதியது அத்தான் படகின் பெயரை. அத்தானின் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். கடலுக்குப் போன மனிதர் ஐஸ் உடைக்கப் போனார்.

அக்கா அழவில்லை. அதே முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

"உனக்கு ரோஷமே இல்லையா?" என்றேன்.

"பக்கத்துல இருந்தாத்தான்டி கை எட்டும்" என்றாள். பிறகு நானும் சேர்ந்தேன்.

அப்புறம் பிளாக்செயின் என்ற புதுப் பதிவு முறை வந்தது. எந்தப் படகு, எந்த வலை என்று பெட்டிக்குப் பெட்டி படத்தோடு போனில் பதிய வேண்டும்; பதியாத பெட்டி லாரியில் ஏறாது. பதிந்ததுமே மீன் வாங்குபவர், துறைமுகம், மீன்வளத் துறை என எல்லோரிடமும் ஒரு பிரதி போய்விடும். பிறகு யாராலும் அழிக்க முடியாது. பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைச் சொன்னபோது முதலாளி வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா போய்ச் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. பதியும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காற்று மிரட்டிய ஒரு நாள், முதலாளியின் படகு மட்டும் கடலுக்குப் போய்த் திரும்பியது. பெட்டி பெட்டியாக விரல் நீளக் குஞ்சுகள். பழி போட வேறு படகே இல்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"நம்ம படகு பேரையே போடு. லாரி கிளம்பட்டும், அப்புறம் அழிச்சுக்கலாம்."

"போடவா முதலாளி?"

"போடு."

"போட்டுடவா?"

"ஆரம்பிச்சுட்டா ரெண்டு தரம்! போட்டுத் தொலையேன்!"

கூடமே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அழுத்தினாள்.

லாரி போனதும், "இப்ப அழி" என்றார்.

"அழியாதுங்க."

"அழியாதுன்னா?"

"என் வீட்டுக்காரர் உரிமம் மாதிரிங்க முதலாளி. போனா போனதுதான்."

மீன் வாங்குபவர் பதிவைப் பார்த்துவிட, லாரி பாதி வழியில் திரும்பி வந்தது. அவருடைய உரிமத்தை ரத்து செய்தார்கள். எங்கள் இருவருக்கும் வேலை போனது.

இப்போது எதிர்க் கூடத்தில் அக்கா பதிவு பார்க்கிறாள். நான் மீன் பிரிக்கிறேன். அத்தானின் உரிமம் இன்னும் வரவில்லை, மனு போட்டிருக்கிறோம். முதலாளியின் படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. சுற்று வழியானாலும் அக்கா தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.