பத்தியச் சாப்பாடும் கரையாத மருந்தும்

அக்காவின் கணவருக்கு இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. சதுரங்கப்பட்டினத்தில் படகில் போகிறவர், நாளெல்லாம் ஈரத் துணி. "ஒட்டிக்கும் மச்சான், சரியானதும் வா" என்று கூட்டாளிகள் கரையில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் மாத்திரை விழுங்கியும் அது முதுகுக்கு ஏறியதே தவிர அடங்கவில்லை.

நானோ, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக மூன்று வருடமாக அதே மருந்தோடு மல்லுக்கட்டுகிறவள். தண்ணீரில் கரையாத சனியன் அது. கரைந்தால்தான் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால் ஓரளவு போகும். சாப்பாட்டை நம்பாமலே போக வேண்டும் என்றுதான் அதைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக அரைத்துக்கொண்டிருக்கிறேன். துகள் சிறுத்தால் சீக்கிரம் கரையும். கருத்தரங்குகளில் இதை ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

போன ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு வஞ்சிரம் வறுவல். மாமா தட்டில் ரசம் சோறும் சுட்ட அப்பளமும்.

"மாமாவுக்கு மீன் இல்லையா?"

"சொறிக்கு மீனு ஆவாது. எண்ணெ, முட்டை எல்லாம் நிறுத்திட்டேன். ரெண்டு மாசமா சுத்த பத்தியம்" என்றாள் அக்கா, பெருமையாக.

"மாத்திரை?"

"காலைல வெறும் வயித்துல. வரக்காப்பி குட்சிட்டு."

மருந்துச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். 'காலை ஒன்று', அவ்வளவுதான். எழுதின மகானுக்கு இன்னொரு வரி எழுதக் கை வலித்ததா? அந்த டாக்டருக்கே போன் போட்டேன்.

"சாப்பாட்டோடதான் போடணும், கொழுப்பு இருந்தா நல்லது. இதுகூடவா தெரியாது?" என்றார்.

யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்! இந்த இரண்டு மாதத்தில் நாலு தடவை இதே வீட்டில் இதே ரசத்தைப் பார்த்துவிட்டு மீனைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறேன். ஆய்வகத்து எலிக்கு எப்போது தீனி வைத்தோம் என்று நிமிடக் கணக்காக நோட்டில் எழுதுகிற நான், இந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அக்கா இரண்டு துண்டு மீனை மாமா தட்டில் வைத்தாள். அவர் தொடவில்லை.

"முந்தாநேத்துதான் படகுல என் எடத்துக்கு வேற ஆளை சேத்துக்கினாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்:

"நீ இந்த மாத்திரைக்குத்தானம்மா படிச்சிக்கினு கீற?"